முகமூடி கழற்றாதவன்

சின்னச் சரக்கு விமானம் கடலில் விழுந்து ஒரு வாரமாகியும் விமானிகள் இருவரும் கிடைக்கவில்லை. விசாரணை அதிகாரிக்கோ தன் மச்சினனைப் பற்றித்தான் கவலை. முக்குளிப்பவர்கள் ஒவ்வொருவராக ஏதேதோ சாக்குச் சொல்லி நழுவிவிட, கடைசியில் இவர்தான் முக்குளிக்கத் தெரிந்த அவனைப் பிடித்து இழுத்து வந்திருந்தார். "என் தம்பிய முழுசா கூட்டிட்டு வந்து சேருங்க" என்று மனைவி வாசல்வரை வந்து சொல்லியிருந்தாள்.

மதிய வெயிலிலும் கடல் கறுத்துக் கிடந்தது. படகில் இருந்த அதிகாரியின் ஹெட்போனில், கீழே முங்கியிருந்த மச்சினனின் மூச்சு கேட்டது.

"மாமா, ரெண்டு சீட்டும் காலி. ஆனா பெல்ட் ரெண்டும் மாட்டினபடியே இருக்கு."

"பெல்ட்ட விடுடா. கருப்புப் பெட்டியத் தேடு."

அப்புறம் சத்தமே இல்லை.

சற்று நேரத்தில் அவன் ஏணியில் ஏறி வந்தான். இடுப்பில் கட்டி இறக்கிய கயிறு இல்லை. மேலே வருகிறவன் முதல் வேலையாக முகமூடியைக் கழற்றி, "நல்லா இருக்கேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதுவரை அவன் இன்னும் கடலுக்குள் இருப்பதாகத்தான் கணக்கு. போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்ததால் அதிகாரிக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை.

"பெட்டி போனாப் போகுது. உக்காரு. உங்க அக்காகிட்ட யாரு வாங்கிக் கட்டிக்கறது?"

பலகையில் உட்கார்ந்தான். முகமூடியைக் கழற்றவில்லை. அவன்மேல் விமான எரிபொருளின் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. முகமூடியின் கண்ணாடிக்கு உள்ளே தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

படகோட்டி நங்கூரத்தைத் தூக்கப் போனார்.

ஹெட்போன் கரகரத்தது.

"மாமா... காத்து குறையுது. இழுங்க."

அதிகாரிக்குப் பலகைப் பக்கம் திரும்பத் துணிவில்லை. அவரும் படகோட்டியும் கயிற்றைப் பிடித்து உயிரைக் கொடுத்து இழுத்தார்கள். முதுகுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டபடியே இருந்தது.

பிறகு அதுவும் நின்றது.

மச்சினன் மேலே வந்தான். நீலம் பாரித்த உதடு நடுங்க, முகமூடியைப் பிடுங்கி எறிந்தான்.

"நல்லா... இருக்கேன் மாமா."

அதிகாரி அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். பலகையில் ஈரம் மட்டும் இருந்தது.

கரை நெருங்கும்போது கைபேசி அடித்தது. மனைவிதான்.

"நீங்க எங்கங்க இருக்கீங்க? தம்பி மட்டும் வந்து வாசல்ல நிக்கிறான். உடம்பெல்லாம் சொட்டுது, கேட்டா வாயே திறக்கல."

"கதவத் திறக்காத!"

"திறந்துட்டேனே" என்றாள் அவள். "உள்ள வந்து உக்காந்துட்டான்."