அடுத்த காம்பராவின் சுவர்

புது வீட்டுச் சுவரில் நீலம் தெரிந்தது.

வெள்ளை பூசி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மூன்று நாளாக ருவான்வெல்லைப் பக்கம் விடாமல் பெய்த மழையில் படுக்கையறைச் சுவர் ஊறி, பூச்சு உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து விழுந்திருந்தது. உள்ளே சீமெந்துக் கல்லின் சாம்பல் நிறம் இருக்கும் என்று நினைத்துத்தான் சுகந்தினி குனிந்து பார்த்தாள். கோயில் கதவுக்கு அடிக்கும் அடர்ந்த நீலம் இருந்தது. அதன்மேல் புகைக்கரி படிந்திருந்தது. விரலால் தொட்டதும் பழைய லயத்தின் வாடை, ஈர விறகும் மண்ணெண்ணெயும் காய்ந்த றப்பர் பாலும் கலந்த வாடை, அறை முழுக்க எழுந்தது.

பத்துக் காம்பரா, அதாவது பத்து ஒற்றை அறை வீடுகள், ஒரே வரிசையில் ஒட்டி நின்ற அந்தத் தோட்ட லயத்தில் நீலச் சுவர் ஒன்றே ஒன்றுதான். தோட்டத்துக் கோயிலுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டை வாங்கிவந்து தானே அடித்துக்கொண்டவள், அடுத்த காம்பரா மூக்காயி பெரியம்மா.

லயத்தை இடிக்க வேண்டாம் என்று சொன்னதும் அவள் ஒருத்திதான். மற்ற ஒன்பது குடும்பமும் கையெழுத்துப் போட்டன. சுகந்தினியும் போட்டாள். மாமனார், மாமியார் படுத்த அதே காம்பராவில் சேலையை மறைப்பாகக் கட்டிப் பதினோரு வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு, ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் என்றதும் வேறு யோசனை வரவில்லை. பத்துக் காம்பராவும் காலியானால்தான் வீடு, இல்லாவிட்டால் வீட்டுத் திட்டமே தோட்டத்தின் கீழ்ப் பிரிவுக்குப் போய்விடும் என்று தோட்டத் தலைவரான அவள் புருஷன் இந்திரகுமார் வீடு வீடாகச் சொன்னார்.

"கூரைய மாத்திக் குடுக்கச் சொல்லு, இருக்கேன்," என்றாள் மூக்காயி. "ஒன்னொன்னா பிரிச்சு மலையில எறைச்சுவிட்டா, எவனுக்கு எவன்டா தட்டுவான்?"

தட்டுவது லயத்தின் வழக்கம். பிரசவ வலி, பாம்பு, திடீர்ச் சாவு, எதுவானாலும் நடுச்சுவரில் மூன்று தட்டு. கேட்டவர் திருப்பித் தட்ட வேண்டும். பிறகு அடுத்த சுவருக்குக் கடத்த வேண்டும். எண்பத்து மூன்று கலவரத்தில், றோட்டில் லொறிச் சத்தம் கேட்டதும் முதலில் தட்டியவள் மூக்காயி. தீ வந்து சேர்ந்தபோது பத்துக் காம்பராவும் வெறுமையாக இருந்தன. எல்லோரும் றப்பர் காட்டுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள்.

பிற்பகல் மூன்று மணிக்கு மூக்காயியின் மகள் வெள்ளையம்மா கித்துல்கலையிலிருந்து வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. கையில் கித்துள் கருப்பட்டிப் பொட்டலம்.

"வீடு நல்லாத்தான் இருக்குக்கா. எங்கம்மாவுக்கு எந்த வீடு? பேத்தியப் பாக்கக்கூட வரல, அவ்வளவு வீம்பு."

"உங்கிட்டத்தானே இருக்காங்க? லயம் இடிச்ச அன்னைக்கு விடியக்காலையிலேயே பஸ் ஏறிட்டாங்கன்னு எங்க வீட்டுக்காரர் சொன்னாரே."

வெள்ளையம்மா சிரித்தாள். "வெளையாடாதீங்கக்கா. அன்னைக்கு நான் இவளப் பெத்து ஆஸ்பத்திரியில கெடந்தேன்." சுகந்தினியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கரவனெல்ல ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டுப் பொலிசுக்குப் போகிறேன் என்று நனைந்தபடியே இறங்கினாள். பொட்டலம் மேசையிலேயே கிடந்தது.

மலைக்குப் பின்னால் வெளிச்சம் சீக்கிரமே போனது. சுகந்தினி குப்பி விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு, நீலத்தைப் பார்க்காமல், நீலத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். லயம் இடித்த அன்றைக்குக் காலை பாயைச் சுருட்டும்போது நடுச்சுவரில் மூன்று தட்டு அவள் காதில் விழுந்திருந்தது. திருப்பித் தட்டக் கை தானாக எழுந்தது. வாசலில் நின்ற இந்திரகுமார், "தகரம் கழட்டுறாங்க, நீ லொறியில ஏறு," என்றார். எழுந்த கையை இறக்கிக்கொண்டாள். தற்காலிகக் கொட்டகைக்கு லொறி கிளம்பும்போது, இடிக்க வந்த பெக்கோ இயந்திரத்தின் ஓட்டுநர் சிங்களத்தில், "கவுருத் நே நேத?" என்று கேட்டதும், யாரும் இல்லை என்று இவர் தலையாட்டியதும் கண்ணில் நின்றன. பொழுது சாயுமுன் எல்லாம் மட்டமாகிவிட்டது.

இந்திரகுமார் ஆறரைக்கு வந்தார். கால் கழுவினார்.

"வெள்ளையம்மா வந்துச்சு."

தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்று, மறுபடி கேட்டது.

"பெரியம்மா பஸ் ஏறினத நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்னு சொன்னேனா? போயிட்டாங்கன்னுதான் சொன்னேன்."

"இது அவங்க செவரு."

அவர் சுவரைப் பார்க்கவில்லை. "நல்ல கல்லு. வீணாக்கவா முடியும்? ஒன்பது வீட்டுக்கும் லயத்துக் கல்லத்தான் வச்சுக் கட்டினான்."

"சீமெந்துக் கல்லுன்னு சொன்னீங்க."

"பசிக்குது. சோத்தப் போடு."

கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். தகரக் கூரையில் மழை இரைந்தது. ஓடையின் இரைச்சலும் தவளைச் சத்தமும் ஒன்றோடொன்று பிணைந்து ஏறி இறங்கின. அதற்குள்ளே, அதற்கெல்லாம் அடியில், கல்லுக்குள்ளிருந்து, வற்றிய விரல் மூட்டு படுவதுபோல,

ஒன்று.

இரண்டு.

மூன்று.

இந்திரகுமாரின் கை சோற்றில் நின்றது. என்ன சத்தம் என்று அவர் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குக் குளிரெடுத்தது.

அவள் கையை எழுப்பினாள்.

"தட்டாத," என்றார் மெதுவாக. "வந்த நாள்லேருந்து, நீ தூங்கினப்புறம் தட்டுது. யாரும் திருப்பித் தட்டல. தட்டாட்டி போயிடும்."

"யாரும்னா?"

அவர் தட்டைக் கீழே வைத்தார்.

சுகந்தினி ஜன்னலைத் திறந்தாள். சாரல் முகத்தில் அடித்தது. சரிவில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக எட்டு வீடுகள். இடையில் நாற்பது அடி வெறும் இருட்டு. எட்டிலும் விளக்கு எரிந்தது. இந்த வீடுகளில் யாருக்கும் யாரோடும் பொதுச் சுவர் இல்லை.

மூன்று தட்டு. பக்கத்து வீட்டில்.

பக்கத்து வீட்டு விளக்கு அணைந்தது.

காற்று இல்லை. யாரோ ஊதி அணைத்தார்கள்.

மூன்று தட்டு, அதற்கும் கீழே. அந்த விளக்கும் அணைந்தது. அடுத்தது. அடுத்தது. எந்தக் கதவும் திறக்கவில்லை. எந்த வீட்டிலும் ஒரு குரல் இல்லை. அன்றைக்கு ஒன்பது காம்பராவிலும் அது கேட்டிருக்கிறது. ஒன்பது குடும்பமும் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தன.

எட்டாவது விளக்கு.

இருட்டு.

பின்னால் ஊதும் சத்தம். அவளுடைய விளக்கும் போனது.

"ஏங்க."

கட்டில் கிரீச்சிட்டது. அவர் அங்கேதான் இருந்தார். அழுதுகொண்டிருந்தார் போல.

திருப்பித் தட்ட வேண்டும். இப்போதாவது. அவள் விரலை மடக்கிக்கொண்டு சுவரைத் தேடிக் கையை நீட்டினாள். ஓர் அடி. இன்னும் கொஞ்சம். வாடை நெருங்கியது.

சுவருக்கு முன்பே எதுவோ பட்டது.

சில்லென்று, சுண்ணாம்பு ஈரத்தோடு, விரல் மடக்கிய இன்னொரு கை.