விடைசொல்லாத விருந்தாளி

கணினித் திரையில் வந்த பதிலைப் பார்த்துப் பிரசாந்தி முதலில் சிரித்தாள். "வீட்டில் இப்போது யார் யார் இருக்கிறார்கள்?" என்று சோதனைக்காகத்தான் கேட்டிருந்தாள். "நீங்கள் இருக்கிறீர்கள். ஒரு விருந்தாளி இருக்கிறார்" என்று அது எழுதியிருந்தது.

வீட்டில் அவளைத் தவிர ஈ காக்கை இல்லை. கணவன் கட்டாரில். மகள் ஆரணி முதலாம் வகுப்பில். நேற்றிரவு அடுத்த வளவு லூர்த்தம்மா வீட்டில் படுத்து அங்கிருந்தே பள்ளிக்குப் போனவளை, பள்ளி விட்டதும் லூர்த்தம்மா தன் பேரனோடு சேர்த்து ஓட்டோவில் கூட்டிவருவாள். வெளியே கார்த்திகை மழை. மத்தியானமே பொழுதுபட்டதுபோல் கிடந்தது அரியாலை ஊர்.

அந்த வீடு கனடாவில் இருக்கும் ஜெயரூபனுடையது. பூட்டிக் கிடந்தால் பாழாய்ப் போகும் என்று பிரசாந்தியைக் குடியிருத்தியிருந்தார். அங்கே இருந்தபடியே கேற்றைத் திறந்து பூட்டும் ஆசையில் கதவுக்கெல்லாம் மின்பூட்டு, மூலைக்கு மூலை கமரா, சுவரில் ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் வைத்திருந்தார். ஜன்னல்களுக்குக் கனத்த இரும்புக் கம்பி. கள்ளன் வரமுடியாத வீடு என்று ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார்.

பிரசாந்தி கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே நிரல் எழுதுகிறவள். அவளுக்கு நிரல் எழுத உதவும் செயற்கை நுண்ணறிவுக்கு வாய் உண்டு, கை இல்லை. எதைக் கேட்டாலும் எழுதித் தரும். ஒரு விளக்கை அணைக்கச் சொன்னால் மன்னிப்புக் கேட்கும். அதற்குக் கை பூட்டிவிடுவதுதான் கருவிச் சேர்வர் என்கிற நிரல். கதவு திறக்க ஒரு கருவி, கமரா பார்க்க ஒன்று, பேச ஒன்று என்று எழுதி, எதை எப்போது பாவிக்கலாம் என்ற விதியையும் கொடுத்துவிட்டால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். ஜெயரூபனின் வீட்டையே அதனிடம் ஒப்படைத்துப் பார்ப்போம் என்று நேற்றுத்தான் சேர்வரை ஓடவிட்டிருந்தாள்.

அந்த விதிகளில்தான் அவளுடைய வளர்ப்பு எட்டிப் பார்த்தது. "வந்த ஆக்களைத் தனிய உள்ளுக்கை விட்டிட்டு நீர் வெளிக்கிடக் கூடாது, தங்கச்சி" என்று ஜெயரூபன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகவே விருந்தாளி உள்ளே இருக்கும்வரை வீட்டுக்காரருக்குக் கதவு திறக்காது என்று எழுதினாள். விருந்தாளி போய்விட்டார் என்பதை எப்படி அறிவது? அவளுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. "போட்டு வாறன்" என்று விடை சொல்லாமல் எந்த மனிசர் எழும்பிப் போவார்? அதை ஒலிவாங்கி கேட்டதும் கதவைத் திறந்து, சொன்னவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். சொல்லாதவர் உள்ளேதான். இதை எழுதி முடித்துவிட்டுத் தன்னைத் தானே மெச்சிக்கொண்டு ஒரு தேத்தண்ணி வேறு குடித்தாள்.

"விருந்தாளி எப்போது வந்தார்?" என்று இப்போது கேட்டாள்.

"நேற்று மாலை, உங்களுடன் வந்தார். இன்னும் விடை சொல்லவில்லை."

அவள் சிரிப்பு நின்றது. நேற்று மாலை அவள் போய்வந்தது பின் ஒழுங்கையில் ஒரு செத்தவீட்டுக்கு. இறந்தது கேதீஸ்வரி அக்கா. ஒரே மகள் பிரான்சில். விசாச் சிக்கலால் வரமுடியாமல் போனில் முகம் காட்டி அழுதது அந்தப் பிள்ளை. பெட்டியை மூடும்போதும் ஒருவர் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்துப் பிரசாந்தி தடுமாறிப்போனாள். அந்தத் தடுமாற்றத்தில்தான் அது நடந்தது. செத்தவீட்டில் விடை சொல்லக்கூடாது, பேசாமல் எழும்பி வரவேண்டும் என்பது குழந்தைக்கும் தெரியும். அவளோ பெட்டியின் தலைமாட்டில் குனிந்து, பழக்கதோஷத்தில், "போட்டு வாறன் அக்கா" என்று சொல்லிவிட்டாள். பக்கத்தில் இருந்த பெண்கள் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். வெட்கத்தில் ஓடிவந்து தலைமுழுகியதோடு அதை மறந்தும் போனாள்.

நேற்றைய கமராப் பதிவைத் திறந்தாள். குடையோடு அவள் மட்டும் வருகிறாள். கேற்று திறக்கிறது. அவள் உள்ளே வந்த பிறகும் மூடாமல் நிற்கிறது. வாசலுக்கு வந்தவள் கதவை விரியப் பிடித்துக்கொண்டு, ஒரு ஓரமாக ஒதுங்கி, பின்னால் வருகிறவருக்கு வழி விடுகிறவள்போல நிற்கிறாள். அப்படி நின்றது அவளுக்கு ஞாபகமே இல்லை.

பயம் அப்போதுதான் உண்மையாகப் பிடித்தது. எழுந்து போய் முன்கதவை இழுத்தாள். அசையவில்லை. குசினிக் கதவும் அப்படியே. சேர்வரை நிறுத்தினாள், பூட்டு பூட்டியபடி கிடந்தது. சாவித் துவாரமே இல்லாத நாகரிகப் பூட்டு. ஜெயரூபனுக்கு அடித்தாள். அங்கே சாமம், போன் அணைந்திருந்தது. மறுபடி சேர்வரை ஓடவிட்டு, விதியை அழித்துப் பார்த்தாள்; அழித்த வரி தானாகத் திரும்பி வந்து நின்றது. வேறு வழி இல்லை.

மழை இரைச்சலுக்குள் வீடு இன்னும் அமைதியானது. மேல்மாடித் தண்ணீர்த் தாங்கி நிரம்பும் ஓசை, குளிர்சாதனப் பெட்டியின் முனகல், அவற்றுக்குக் கீழே, யாரோ மெத்தையில் பாரம் மாற்றி உட்காருவதுபோல் ஒரு மெல்லிய கிறீச். பிறகு வாசனை வந்தது. முதலில் சாமந்திப்பூ. அதன் பின்னால், பெட்டியைச் சுற்றித் தெளிப்பார்களே, அந்த ஓடிக்கலோன்.

திரைக்குத் திரும்பித் தட்டினாள். "விருந்தாளி எங்கே?"

"ஆரணியின் கட்டிலில்."

அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இருட்டு. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

பள்ளி விட்டிருக்கும். ஓட்டோ வந்துகொண்டிருக்கும். லூர்த்தம்மாவுக்கு அடித்தாள், அவள் எடுக்கவில்லை. பிள்ளையைக் கண்டால் இந்தச் சேர்வர் கேற்றைத் திறக்கும், கதவைத் திறக்கும், உள்ளே எடுக்கும். பிறகு விடாது. அவளே எழுதிய விதி. தான் செத்தாலும் பரவாயில்லை, ஆரணி இந்தப் படி ஏறக்கூடாது. அது ஒன்றுதான் அவள் மனதில் நின்றது.

விருந்தாளி சொல்லாவிட்டால், விருந்தாளிக்காகத் தான் சொல்லலாம். யார் சொன்னால் என்ன, கேட்பது ஒரு இயந்திரம்தானே. ஒலிவாங்கிக்குக் கீழே போய் நின்றாள்.

"போட்டு வாறன்" என்றாள்.

டக். பூட்டுக் கழன்ற சத்தம். ஓடினாள். இழுத்தாள். கதவு பூட்டியே இருந்தது. திரையில் எழுத்து ஓடியது.

"பிரசாந்தி விடை சொன்னார். பிரசாந்தி வெளியேறினார். விருந்தாளி உள்ளே இருக்கிறார்."

வாசல் கமராவில் ஒரு பெண் குடையோடு படி இறங்கினாள். இவளுடைய பச்சைச் சட்டை. இவளுடைய பின்னல். நடைதான் கொஞ்சம் மாறியிருந்தது. நாட்கணக்கில் கிடந்து எழும்பியவரின் நடை.

"போட்டு வாறன்" என்று கத்தினாள் பிரசாந்தி. திரையில் ஒன்றும் எழுதவில்லை. மறுபடி கத்தினாள். திரையில் ஒலிவாங்கியின் ஒலியளவுக் கோடு அசையவேயில்லை.

ஓட்டோ வந்து நின்றது.

ஜன்னலுக்கு ஓடிக் கம்பியில் அடித்தாள். மழை. லூர்த்தம்மாவுக்கு மறுபடி அழைத்தாள். கமராவில் லூர்த்தம்மா கைப்பையைத் துழாவிப் போனை எடுப்பது தெரிந்தது. பார்த்தாள். எதிரே நின்றவளைப் பார்த்தாள். சிரித்தாள்.

"பிள்ளை, உம்மடை போனிலை இருந்தெல்லோ அடிக்குது. உள்ளுக்கை ஆர் நிக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை அக்கா" என்றது வெளியே நின்றவளின் வாயிலிருந்து பிரசாந்தியின் குரல், உள்ளே ஒலிபெருக்கி வழியாகத் தெளிவாக. "எடுக்காதேங்கோ."

லூர்த்தம்மா போனை அணைத்தாள். ஓட்டோ திரும்பியது. ஆரணி புத்தகப்பையோடு குடைக்குள் ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்தாள். இருவரும் ஒழுங்கையில் நடந்தார்கள். நாலடி போனதும் பிள்ளை நின்றது. தலையை நிமிர்த்தி, மேலே இருந்த முகத்தை நெடுநேரம் பார்த்தது. பிறகு கையை இழுத்தது. மறுபடி இழுத்தது. காலை ஊன்றிக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தது.

அந்தக் கை விடவில்லை.