நல்ல தண்ணி காட்டாத வலை

சோணையின் ஜீப் போடிமெட்டுக்கு முன்னால் திரும்பி மண் பாதையில் ஏறியபோது உச்சிப் பொழுதுதான். ஆனாலும் மூடுபனி இறங்கி, பக்கத்தில் இருக்கும் மரம்கூடத் தெரியவில்லை. பாதை முடிகிற இடத்தில் கல் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு கட்டடம் நின்றது. ஒரே ஒரு கதவு. சன்னல் இருந்த இடத்தைப் பலகை வைத்து அடித்திருந்தார்கள்.

"இதுவா மாமா வீடு?" என்றாள் பொன்னுமணி.

"இது ஏலக்காய் காய வைக்கிற ஸ்டோரு. வீடு பின்னால இருக்கு. இதுல பாதிகூட இருக்காது," என்றான் அவள் புருஷன் தவசி.

"இருந்துட்டுப் போகுது. உங்க அண்ணன் பொண்டாட்டி அங்க இல்லேல்ல? எனக்கு அதுவே அரமனை."

ஜீப் ஓட்டி வந்த சோணை விழுந்து விழுந்து சிரித்தான். போடியில் கூட்டுக் குடும்பத்தில் பத்து வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தவள் அவள். தோட்டத்தைக் குத்தகைக்கு எடுக்கலாம் என்று தவசி சொன்ன அன்றே பெட்டியைக் கட்டிவிட்டாள். பிள்ளை குட்டி இல்லை. அவனுக்கு அவள், அவளுக்கு அவன். அந்த மலையில் தவசிக்கு இழப்பதற்கு அவளைத் தவிர வேறு எதுவும் கிடையாது.

அரிசி மூட்டையையும் பாத்திரங்களையும் இறக்கியபின் தவசி ஒரு வலைச் சுருளை இறக்கினான்.

"அட, மலையில மீன் பிடிக்கப் போறீகளாண்ணே?" என்றான் சோணை.

"தட்டுக்குடா."

தோட்டத்தில் எடுத்த பச்சைக்காயை ஸ்டோருக்குள் தட்டுத் தட்டாகப் பரப்பிக் கதவைச் சாத்துவார்கள். வெளியே அடுப்பு எரியும். அதன் சூடு தகரக் குழாய் வழியாக உள்ளே ஓடிக் காயை உலர்த்தும். இந்த ஸ்டோரில் தட்டுகளின் மூங்கில் பாயையெல்லாம் கறையான் தின்றிருந்தது, சட்டம்தான் மிச்சம். நெருக்கக் கண்ணி போட்ட வலையை இழுத்துக் கட்டினால் ஒரு காய் கீழே விழாது. தவசியின் கணக்கு அதுதான்.

வலை பாம்பன் பக்கத்துக் குப்பம் ஒன்றில் கிடைத்தது. ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் திதி கொடுக்க இராமேசுவரம் போனவன், திரும்பும் வழியில் அங்கே இறங்கினான். தொழில் நடக்க வேண்டிய நேரத்தில் வள்ளங்களெல்லாம் கரையில் கவிழ்ந்து கிடந்தன. அடுப்புப் புகை ஒரு குடிசையிலும் இல்லை. வலை விற்க உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் என்ன சங்கதி என்று கேட்டான்.

"கடல்ல சொறி விழுந்திருக்குண்ணே," என்றாள் அவள்.

சொறி என்றால் என்ன என்று மலைக்காரனுக்கு எப்படித் தெரியும்? அவள் கையை நீட்டிக் காட்டினாள். மணலில் நெல் அவிக்கும் அண்டா அகலத்துக்கு ஒன்று கிடந்தது. எலும்பு இல்லை, கண் இல்லை. உள்ளே ஊடுருவிப் பார்க்கலாம் போன்ற வெளிறிய சதை, அடியில் சடை சடையாக நூல்.

"சின்னது இது. உள்ள கிடக்குறது வள்ளத்தையே மூடும். வலையைப் போட்டா மீனு வராது, இதுதான் வரும். இழுத்தா வலை கிழியும், வள்ளம் கவுந்துரும். கூடச் சிக்குன மீனும் வெந்து வெளுத்துப் போயி வரும், நாய்கூடத் தின்னாது." பேசிக்கொண்டே வந்தவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணனுக்கு என்ன தொழிலு?"

சொன்னான்.

"ஏலக்காய் எந்த வாடையையும் இழுத்துக்கிரும்பாங்களே. இந்தக் கவுச்சியை என்ன செய்வீங்க?"

"கழுவிட்டாப் போச்சு."

அவள் கடல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு வலையைத் தூக்கி அவன் கையில் வைத்தாள். கொடுத்ததை எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். அவன் கொஞ்ச தூரம் நடந்தபின், காதில் விழட்டும் விழாமல் போகட்டும் என்பதுபோல் மெதுவாகச் சொன்னாள்.

"உப்புத் தண்ணி பரவாயில்லே. நல்ல தண்ணி மட்டும் காட்டாதீங்கண்ணே."

நூல் இற்றுப்போகும் என்பதற்காகச் சொல்கிறாள் என்று தவசி நினைத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் வலையை முகர்ந்த பொன்னுமணி முகத்தைச் சுளித்தாள்.

"இந்த நாத்தத்துல காயைப் போட்டா, போடியில ஏலம் எடுக்க வர்றவன் மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடிருவான்."

"நல்ல தண்ணி காட்டக் கூடாதுன்னு அந்தப் பொம்பளை சொல்லுச்சு."

"அப்பக் கடலைக் கொண்டாங்க போடிமெட்டுக்கு. அதுல கழுவுறேன்."

தவசி சிரித்துவிட்டான். வாடை விஷயத்தில் ஏலக்காய்க்காரன் விட்டுக்கொடுக்க மாட்டான். கருவாட்டுச் சட்டியைக்கூட ஸ்டோர் பக்கம் கொண்டுவர விடாதவர்கள் அவர்கள்.

"சரி, அலசிக் கொண்டா. கடல்காரவுக பேச்சு கடலோட," என்றான்.

அந்த ஒரு வார்த்தையை அவன் பிற்பாடு எத்தனையோ முறை நினைத்து அழுதான்.

ஓடையிலிருந்து அவள் அலறல் கேட்டு ஓடினான். இரண்டு கைகளிலும் முழங்கை வரை, சூடு போட்டதுபோல் சிவப்புக் கோடுகள் எழும்பியிருந்தன. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த வலையிலிருந்து கண்ணாடி நூல்கள் பிரிந்து ஓடையோடு போய்க்கொண்டிருந்தன. சுண்ணாம்பைக் குழைத்துத் தடவினான். சாயங்காலத்துக்குள் எரிச்சல் அடங்கியது. கோடுகள் மட்டும் மறையவில்லை. பார்த்தால் வலைக் கண்ணிபோலவே கட்டம் கட்டமாக இருந்தன.

"மாமா, ஓடைத் தண்ணி உப்புக் கரிச்சுச்சு," என்றாள் பொன்னுமணி.

"கவுச்சியா இருக்கும். தூங்கு."

முதல் காய் எடுத்தது ஆவணி மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை. பனி கூரைமேல் படுத்துக் கிடந்தது. வலை கட்டிய தட்டுகளில் பச்சைக்காயைப் பரப்பி அடுப்பை மூட்டினார்கள். மதியம் காயைக் கிளறிவிடப் பொன்னுமணி உள்ளே போனாள். சூடு வெளியே போகாமல் இருக்கக் கதவைச் சாத்திக்கொண்டாள். தவசி பின்புறம் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

சுவர் இடுக்கு வழியாக ஏலக்காய் வாசனை வந்தது. நெஞ்சு குளிர்ந்தது அவனுக்கு. நல்ல காய், நல்ல விலை போகும்.

கொஞ்ச நேரத்தில் வாசனை மாறியது.

உப்பு. ஈரக் கயிறு. மீன்.

உள்ளே ஏதோ ஒன்று விரிந்து சுருங்கும் சத்தம் கேட்டது. அவசரமே இல்லாமல், திரும்பத் திரும்ப.

"பொன்னு?"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் கிசுகிசுத்தது. "மாமா, இங்க யாரோ நிக்கிறாக."

"யாரு?"

"தெரியல. கயித்தைப் பிடிச்சு இழுக்குறாரு. என்னையும் இழுக்கச் சொல்றாரு."

"வெளிய வா. வெரசா வா!"

"பாவமா இருக்கு மாமா. கையெல்லாம் வெந்திருக்கு. ஒத்தையா இழுத்துக்கிட்டு நிக்கிறாரு."

தவசி சுற்றிக்கொண்டு ஓடிக் கதவைத் தள்ளினான். தாழ்ப்பாள் இல்லாத கதவு அது. அசையவில்லை. குளம் நிறையத் தண்ணீர் அந்தப் பக்கமிருந்து அழுத்தினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. கதவு நிலைக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து அவன் காலை நனைத்தது.

கோடரியால் கதவைப் பிளந்தான்.

உள்ளே முழுக்க ஆவி. கூரைக்குக் கீழே, அறையின் அகலத்துக்கு வெளிறிய ஒன்று விரிந்து, சுருங்கி, மறுபடி விரிந்தது. அதிலிருந்து நூல்கள் தட்டுகள்மேல் தொங்கின. அதன் அடியில் இரண்டு பேர் முதுகைக் காட்டிக்கொண்டு கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பொன்னுமணி.

"பொன்னு!"

அவள் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் பயம் இல்லை, சங்கடம்தான் இருந்தது.

"நானும் பிடிச்சுட்டேன் மாமா. விட முடியல."

பிளந்த கதவு வழியாகக் காற்று புகுந்து ஆவியைக் கலைத்தது. தட்டு இருந்தது, காய் இருந்தது, குழாய் தகித்துக்கொண்டிருந்தது. ஆள் யாரும் இல்லை. ஈரத் தரையில் விரலை வைத்து நாக்கில் வைத்தான்.

கரித்தது.

அவளுடைய பச்சைக் கண்ணாடி வளையல் ஒன்று வலைக் கண்ணியில் கோத்துக் கிடந்தது. வளையலும் உடையவில்லை, நூலும் அறுபடவில்லை.

போலீஸ் வந்தது. பள்ளத்தில் எல்லாம் தேடினார்கள். கேரளாவுக்கு ஓடியிருப்பாள் என்றார்கள் சிலர். போடியிலிருந்து அண்ணன்கள் வந்து தவசியின் முகத்தை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள். அவன் வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு பாம்பனுக்குப் போனான்.

குப்பத்துக் கரையில் கால் வைக்க இடமில்லாமல் மீன் குவிந்து கிடந்தது. ஆட்கள் பாடிக்கொண்டே வள்ளத்தைத் தள்ளினார்கள். சொறியைத் தேடினாலும் கிடைக்கவில்லை. அந்தப் பெண் தாலி இல்லாத கழுத்தோடு குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தாள். தோளில் இருந்த வலையைப் பார்த்ததும் எழுந்தாள்.

"உங்க வீட்ல யாருண்ணே?"

"எம் பொண்டாட்டி."

அவள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க வீட்டுக்காரரு வலையை விடமாட்டேன்னு கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னவரு. சொறி அவரை வலையோட இழுத்துருச்சு. வலை மட்டும் கரை ஒதுங்குச்சு. தெனமும் அதுக்குள்ள இருந்து கூப்பிடுவாரு. ஆவணி மூணாஞ் செவ்வாய் அந்திக்கு அவரு கரையில கிடந்தாரு. மூணு மாசத்துக்கு முந்திச் செத்தவரு, நேத்துச் செத்த மாதிரி. கையைப் பிரிச்சுப் பார்த்தேன். பச்சை ஏலக்காய் ஒண்ணு இருந்துச்சு."

"தெரிஞ்சேதான் குடுத்தியா?"

"ஆளை மாத்தி ஆளு பிடிக்கும்னு தெரியாது. ஆனா சொறி பட்ட வலையை நல்ல தண்ணியில நனைச்சா அது திரும்ப உசுரு பிடிக்கும்னு தெரியும். எங்கூர்ல ஒருத்தரும் நனைக்க மாட்டாங்க. நீங்க கழுவுறேன்னீங்க." அவள் அழுதாள். "அடிக்கிறதுன்னா அடிங்கண்ணே."

தவசிக்கு அவளைக் கொல்ல வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. அவள் இடத்தில் தான் இருந்தால் என்ன செய்திருப்போம் என்ற நினைப்பும் கூடவே வந்தது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"இதைக் கடல்ல வீசிரவா?"

"வீசினா அந்த அக்காவும் அதோட போயிரும். ஒருத்தர் பிடிச்சாத்தான் ஒருத்தர் விட முடியும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

திரும்பி வந்தவன் ஸ்டோரிலேயே கிடந்தான். வலை சுவரில் தொங்கியது. பனி இறங்கும்போதெல்லாம் அதற்குள்ளிருந்து பொன்னுமணி பேசினாள்.

"மாமா, கை வெந்து போச்சு."

தை பிறந்து ஒரு நாள் மதியம் சோணை வந்தான். புதிதாகக் கல்யாணம் முடித்திருந்தான். அவன் மனைவி முனியாயி ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, குரங்கணிக்கு மேல நானும் கொஞ்சம் காய் போட்டிருக்கேன். அந்த வலை சும்மாதான கிடக்கு? குடுங்களேன்."

தவசியின் கை தானாகவே வலையை எடுத்தது.

"எடுத்துக்க. நல்ல தண்ணி மட்டும்..."

வாய் அதோடு நின்றது. முனியாயி ஜீப்பிலிருந்து தலையை நீட்டி, "இதா ஸ்டோரு? இருட்டா இருக்கே," என்று சிரித்தாள்.

"தர மாட்டேன். போடா," என்றான் தவசி.

"பழைய வலைக்கு இம்புட்டுப் பிகுவா?" என்று முணுமுணுத்துக்கொண்டே சோணை வண்டியைக் கிளப்பினான்.

சத்தம் அடங்கியதும் தவசி வலையை ஓடைக்கு எடுத்துப் போனான். பாறைமேல் உட்கார்ந்து தண்ணீருக்குள் இறக்கினான். கையில் தீ பிடித்ததுபோல் எரிந்தது. எடுக்கவில்லை. தெளிந்த ஓடை கலங்கி, வெளுத்து, அவன் முழங்காலைச் சுற்றி ஏதோ ஒன்று விரியத் தொடங்கியது.

ஒரு கை அவன் கையைத் தொட்டது. அதில் வளையல் இருந்தது.

"பொன்னு, நான் பிடிச்சுட்டேன். நீ விடு."

"மாட்டேன். நீங்க விடுங்க மாமா."

"சொன்னாக் கேளு ஆத்தா. வெரசா விடு."

"மாட்டேன்."

ஆயுசில் முதல் தடவையாக அவளைப் பலங்கொண்ட மட்டும் தள்ளினான் தவசி.

முணுமுணுத்துக்கொண்டே வந்துவிட்டோமே என்று மனசு கேட்காமல் மறுநாள் காலையில் சோணை முனியாயியோடு திரும்பி வந்தான். ஓடைக்கரையில் பொன்னுமணி கிடந்தாள். அப்போதுதான் உயிர் போனவள்போல் இருந்தாள், தலைமுடிகூட நனையவில்லை. மூடியிருந்த கையைப் பிரித்தார்கள். தவசியின் வேட்டித் தலைப்பு ஒரு முழம் கிழிந்து அதற்குள் இருந்தது.

தவசி கிடைக்கவே இல்லை. கொன்றுவிட்டு ஓடிப்போனான் என்று ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. சோணை அதை நம்பவில்லை. அவளுக்குக் கொள்ளி வைத்தவனும் அவன்தான். எல்லாம் முடிந்தபின் பாறைமேல் காய்ந்து கிடந்த வலையைப் பார்த்தான். அண்ணன் நினைவாக இருக்கட்டும் என்று சுருட்டி ஜீப்புக்குப் பின்னால் போட்டுக்கொண்டான்.

மெட்டு இறங்கும்போது முனியாயி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னங்க, இந்த வலை இப்படிக் கவுச்சி அடிக்குது? வீட்டுக்குப் போனதும் ஓடையில அலசிப் போடுறேன்."

"வேணாம்த்தா," என்றது பின்னால் தவசியின் குரல்.

வளைவு வந்தது. சோணை கியரை மாற்றினான். அந்த இரைச்சலில் இருவருக்கும் எதுவும் கேட்கவில்லை.