மேல் வீட்டுப் பெட்டி

மேசைமேல் லமீஸ் வைக்காத காபிக் கோப்பை ஒன்று இருந்தது. இதில் என்ன அதிசயம், திரிப்போலியில் கோப்பை இல்லாத மேசையைத்தான் விளக்குப் பிடித்துத் தேட வேண்டும் என்பீர்கள். ஆனால் அந்த மேசை மர மேசை அல்ல. லேப்டாப்புக்குள் லமீஸே கோடு கோடாக இழுத்துக் கட்டிய மேசை. இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டாத ஓர் அடுக்குமாடியின் ஏழாவது மாடிக் கூடத்தில் அவள் ஒரு சோபா போட்டாள், ஒரு விளக்கு வைத்தாள், இந்த மேசையைப் போட்டாள். அவ்வளவுதான்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். விளிம்பில் நீலக்கோடு. ஓரிடத்தில் அரிசி அளவு உடைசல். அடியில் வண்டல் இன்னும் ஈரமாக இருந்தது. அன்று காலை கீழ்வீட்டில் ஓரகத்தி ஜுமானா அவளுக்குக் காபி கொடுத்த அதே கோப்பை.

ஓரகத்தி என்றதும் உங்கள் காது நீளுவது தெரிகிறது. சொல்லிவிடுகிறேன், எங்கள் அல்-மீனா தெருவில் இதெல்லாம் ரகசியமில்லை. அண்ணன் நிஸாரின் மனைவி லமீஸுக்கு மேல் வீடு, தம்பியின் மனைவி ஜுமானாவுக்குக் கீழ் வீடு. தம்பி குவைத்தில், நிஸார் நாள் முழுக்கத் துறைமுகத்தில். ஓரகத்திகள் இருவருக்கும் ஒரே தொழில். கட்டாத வீட்டைக் கட்டி முடித்ததுபோலப் படமாக்கிக் கட்டுமானக்காரர்களிடம் கொடுப்பது; அவர்கள் அதை ஆஸ்திரேலியாவிலும் பிரேசிலிலும் இருக்கும் நம்மாட்களிடம் காட்டி விற்பார்கள். தொழிலைக் கற்றுக்கொடுத்தவள் லமீஸ்தான். கற்றவள் கெட்டிக்காரியாகிப் போனதுதான் வினை. அதிலும் ஜெர்மனியிலிருந்து வந்த ஜுமானாவின் தம்பி, லேப்டாப்போடு வெளியிலிருந்து இணைக்கும் கிராபிக்ஸ் கார்டுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்த பிறகு கேட்க வேண்டுமா? லமீஸின் லேப்டாப் ராத்திரி முழுக்க மூச்சு வாங்கிச் சமைக்கிற படத்தை அந்தப் பெட்டி ஒரு காபி ஆறுவதற்குள் பரிமாறிவிடும். ஒவ்வொரு கட்டுமானக்காரராகப் படி இறங்கிக் கீழ் வீட்டுக்குப் போனார்கள்.

அதையாவது லமீஸ் தாங்கிக்கொண்டிருப்பாள். ஜுமானாவுக்கு நாலு வயதில் ஜூரி என்றொரு மகள். லமீஸுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். தொட்டில் இன்னும் கடையில்தான் இருக்கிறது. தினமும் மத்தியானம் ஜூரி மேலே வந்து சாப்பிடுவாள். லமீஸ் முடி பின்னிவிடுவாள், பின்னியதை அவிழ்த்து மறுபடி பின்னுவாள். சாப்பிட்டு முடித்ததும் குழந்தை சொல்லும் ஒரு வாக்கியம்தான் அவளுக்கு ஆகாது.

"பெரியம்மா, நான் எங்க வீட்டுக்குப் போறேன்."

எங்க வீடு. அந்த வார்த்தை அவள் நெஞ்சில் மீன்முள்ளாக நின்றது.

கல்யாண வளையலைக் கழற்றிக் கொடுத்துத்தான் லமீஸும் ஒரு பெட்டி வாங்கினாள். ஜுமானாவுடையதைவிட ஒரு விரல்கடை பெரிதாகப் பார்த்து வாங்கினாள் என்று கடைக்கார அபூ ஷாதியே எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

"தங்கச்சி, தனி மானிட்டர் ஒண்ணு எடுத்துக்கோ. லேப்டாப் திரையிலேயே பாத்தா, படம் பெட்டிக்குள்ள போயிட்டு அதே கேபிள்ல திரும்பி வரணும். வர்ற வழியில கொஞ்சம் தொலையும்."

"தொலைஞ்சா தொலையட்டும். ஜுமானாவோடதைவிட வேகமா இருக்குமா, அதைச் சொல்லுங்க."

"அல்லாஹ்வே! நீ பெட்டி வாங்க வந்தியா, சண்டை வாங்க வந்தியா?"

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கதவைத் தாழிட்டுவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். கார்டை அதன் பள்ளத்தில் வைத்து அழுத்த, 'டக்' என்று பல் பதிந்தது. இரண்டு மின் கம்பிகளையும் மாட்டினாள். தடித்த குட்டைக் கேபிளை லேப்டாப்பில் செருகினாள். லேப்டாப் கண்டுகொள்ளவில்லை. அதற்கான டிரைவர் மென்பொருளை ஏற்றி, இரண்டு தடவை அணைத்துப் போட்டதும், புதிய சாதனம் ஒன்று இணைய விரும்புகிறது என்றது. இம்முறை மட்டும் அனுமதிப்பதா, எப்போதுமா? எப்போதும் என்பதை அழுத்தினாள். உள்ளே விசிறி சுழன்றது. சூடான தூசியும் புது பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை அறையில் பரவியது. அப்போது அரசாங்க மின்சாரம் இருந்தது. முதல் படம் பளிங்குபோல வந்தது. குறை ஒன்றுமில்லை.

பதினொரு மணிக்கு அரசாங்க மின்சாரம் போய், தெரு ஜெனரேட்டர் உறுமத் தொடங்கிய பிறகு வந்த படத்தில்தான் அந்தக் கோப்பை.

ஜெனரேட்டர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். சிக்கனத்துக்காக அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து தெரு ஜெனரேட்டர்காரரிடம் ஒரே சந்தா போட்டிருந்தார்கள். பத்து ஆம்பியர், மேலுக்கு ஐந்து, கீழுக்கு ஐந்து. மாடிப்படிச் சுவரில் இரு வீட்டு ஸ்விட்சும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஆம்பியர் என்ன, கோடு போட்டால் நிற்குமா? ஒருத்தி அதிகம் இழுத்தால் மற்றவள் விளக்கு மங்கும். அதனால் இஸ்திரி போடுவதற்குக்கூடப் படியில் நின்று குரல் கொடுத்துவிட்டுத்தான் போட வேண்டும். பெட்டியைப் பற்றி மட்டும் லமீஸ் குரல் கொடுக்கவில்லை.

"அக்கா!" கீழேயிருந்து ஜுமானா கூப்பிட்டாள். "மேல என்ன ஓடுது? எங்க விளக்கு கண்ணடிக்குது."

"வாஷிங் மெஷின்டி."

"இன்னிக்கும் துவைக்கிறீங்களா? நேத்துதானே துணியெல்லாம் காஞ்சுது!" சிரிப்பு. பிறகு, "அக்கா, காலைல நீங்க காபி குடிச்ச கோப்பையைப் பாத்தீங்களா? கழுவலாம்னு வச்சேன், காணோம்."

லமீஸ் திரையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, "நான் என்னடி உன் கோப்பைக்குக் காவலா?" என்றாள். படத்தைச் சேமித்து மூடினாள். கோப்பை கீழே திரும்பி வரவேயில்லை.

இரண்டாவதாக வந்தது ஜுமானாவின் மஞ்சள் திரைச்சீலை. மூன்றாவது, அவள் பால்கனியில் பெருமையாக வளர்த்த கார்டினியாப் பூத்தொட்டி. அந்தப் படம் வந்தபோது லமீஸின் அறையில் கார்டினியா மணத்தது; பெட்டியின் பின்புறமிருந்து வந்த வெப்பக் காற்றில் மணத்தது. பயந்தாளா என்று கேட்டால், பயந்தாள். ஆனால் பெட்டியை அணைக்கவில்லை. கீழ் வீட்டில் எதன்மேல் தன் கண் நின்று வயிறு எரிந்ததோ அதுதான் வருகிறது என்பது நாலாவது நாளே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஜெனரேட்டர் ஓடும்போது மட்டும், கீழே விளக்கு மங்கும்போது மட்டும். ஒரு தடவை மனம் கேட்காமல், வந்த படத்தை அழித்துப் பார்த்தாள். அதிலிருந்த ஜுமானாவின் கடிகாரம் அதோடு போயிற்று. கீழேயும் இல்லை, மேலேயும் இல்லை.

கட்டுமானக்காரர்கள் மறுபடி படி ஏறினார்கள்.

"மதாம் லமீஸ், இது படமா? உள்ளே யாரோ குடியிருக்கிற மாதிரியே இருக்குதே!"

அந்த வாரம் அவள் தெருவில் நடந்த நடையை நாங்களே பார்த்தோம். ஜுமானாதான் இளைத்துப் போனாள். ஒரு நாள் மேலே வந்து, சோபா நுனியில் உட்கார்ந்து, காபியைத் தொடாமலேயே பேசினாள்.

"வீட்டுல ஒவ்வொண்ணாப் போகுது அக்கா. திருடன்னா பணத்தை எடுக்க மாட்டானா? யாரோ கண்ணு வச்சுட்டாங்க."

"யாரு வைக்கப் போறா உனக்கு? நீயா எங்கேயாவது வச்சுட்டு மறந்திருப்பே."

"ஜூரி கூடச் சொல்றா, வீட்டுல குளிருதாம். ஆகஸ்ட் மாசத்துல!"

"புள்ளைக்கு என்ன தெரியும்? இங்க என்கிட்ட விடு. எனக்கென்ன வேலை."

ஜுமானா சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். "ஏன், அவளுக்கு அம்மா இல்லையா?" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். லமீஸும் விளையாட்டாகவே சிரித்தாள்.

அடுத்த வியாழன் வந்த வேலை, குழந்தைகள் அறை.

மத்தியானம் ஜூரி மேலே வந்தாள். லமீஸ் கிப்பே என்கிற கறி உருண்டை பொரித்திருந்தாள். குழந்தை இரண்டு தின்றது. மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தது.

"இங்கேயே தூங்கேன் கண்ணு. பெரியம்மா கதை சொல்றேன்."

"வேணாம். எங்க அம்மாகிட்டத்தான் தூங்குவேன்."

"பெரியம்மாவைப் பிடிக்காதா?"

குழந்தை நேர்மையாக யோசித்தது. "பிடிக்கும். ஆனா கொஞ்சம்."

செருப்பு படிகளில் சப்சப்பென்று இறங்கியது. கீழே கதவு சாத்தியது. லமீஸ் ஜன்னல் பலகைகளை இறக்கிவிட்டு லேப்டாப் முன் உட்கார்ந்தாள். வெளியே வெயில் தெருவை வறுத்துக்கொண்டிருக்க, உள்ளே பலகை இடுக்குகள் வழியே வந்த வெளிச்சம் தரையில் கம்பி கம்பியாகக் கிடக்க, ஜெனரேட்டரின் டீசல் நெடியும் ஆறிய எண்ணெய் வாடையும் பெட்டியின் வெப்பமும் ஒன்றுகலந்து அவள் கழுத்தைச் சுற்றி ஈரத்துணிபோல ஒட்டிக்கொண்டன. வெறும் அறை. ஒரு கட்டில், ஒரு ஜன்னல். வேறெதையும் அவள் வைக்கவில்லை. தொடங்கு என்பதை அழுத்தினாள்.

பெட்டி முனகியது. அன்றைக்கு அது விசிறிச் சத்தமாக இல்லை. தூக்கத்தில் யாரோ மூக்கடைத்து மூச்சு விடுவதுபோல இருந்தது. முதல் சுற்றில் திரை முழுக்க மணலை வாரி இறைத்ததுபோல் புள்ளிகள். இந்தப் படங்கள் அப்படித்தான் வரும். சுற்றுக்குச் சுற்று புள்ளி அடங்கி உருவம் தெளியும். பத்தாவது சுற்றில் சுவர் வந்தது. இருபதாவதில் கட்டில். ஜன்னலருகே மட்டும் புள்ளிகள் அடங்காமல் கொசுக்கூட்டம்போல மொய்த்துக்கொண்டு நின்றன.

நாற்பது. அந்த இடம் கறுத்தது.

அறுபது. கறுப்பு இரண்டாகப் பிரிந்தது. இரண்டு பின்னல்கள்.

சற்று முன் அவளே பின்னியவை.

"ஜூரி!" கீழே ஜுமானாவின் குரல். சாதாரணக் குரல்தான். "ஜூரி, எங்கடி ஒளிஞ்சிருக்கே?"

தொண்ணூறு. ஒரு காலில் செருப்பு. மற்றக் கால் வெறுமையாக. கையில் பாதி தின்ற கிப்பே. முதுகைக் காட்டி நின்றது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தது. அங்கே லமீஸ் எதையும் வரைந்திருக்கவில்லை. வெறும் வெள்ளை.

அவள் கை கேபிளுக்குப் போயிற்று. நின்றது. கடிகாரம். அழித்தால் அதோடு போயிற்றே. சேமித்து மூடினால்? கோப்பை திரும்பியதா? எதைச் செய்தாலும் போய்விடும். ஒன்றும் செய்யாதிருந்தால் மட்டும் இருக்கும். இருக்கட்டும்.

அவளுக்கே கேட்காத அளவு சின்னதாக, மனசின் அடியில் ஒன்று சொன்னது: இப்போ நம்ம வீட்டுல இருக்கா.

சொல்லக் கூசுகிறது. ஆனால் அந்த ஒரு நொடி லமீஸ் சந்தோஷமாக இருந்தாள்.

நூற்று இருபது. குழந்தையின் தோள் கொஞ்சம் திரும்பியிருந்தது. நூற்று முப்பது. காது தெரிந்தது. கன்னம். படம் அசையாது. அசையவே கூடாது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் வேறொரு படம்.

"அக்கா!" இப்போது குரல் படியில். மூச்சிரைப்பு. "ஜூரி மேல வந்தாளா?"

லமீஸ் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கதவு உள்ள தாப்பா போட்டிருந்துச்சு, வெளிய போகல. கட்டிலுக்கடியில பாக்கலாம்னா ஒரே இருட்டு, விளக்கே எரியல! டார்ச்சும் செத்துப்போச்சு! அக்கா, கேக்குதா? என்னத்தை ஓட்டறீங்க? உங்க பெட்டிச் சத்தம் எனக்குக் கேக்காதுன்னு நினைச்சீங்களா?"

நூற்று அறுபது. இரண்டு கண்களும் தெரிந்தன. நேராக அவளையே பார்த்தன. வாய் திறந்திருந்தது. 'பெ' என்று சொல்லத் தொடங்கிய வாய்.

"நிறுத்துங்க! இல்லன்னா நானே உங்க ஸ்விட்சை இறக்கறேன்!"

வேண்டாம் என்று கத்த வேண்டும். கத்தினால் ஏன் என்று கேட்பாள். சொன்னால், ஓடி வருவாள். திரையைப் பார்ப்பாள். அம்மாவைக் குழந்தையும் பார்க்கும். அம்மாவிடம்தான் போகும்.

லமீஸ் வாயைத் திறந்தாள். ஒரு மூச்சளவு தாமதித்தாள். ஒரே ஒரு மூச்சு.

டக்.

பெட்டி செத்தது. விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. திரை கறுத்து, லேப்டாப்பின் சொந்தப் பலத்தில் மீண்டும் விழித்தது. படம் இருந்தது. கட்டில் இருந்தது. ஜன்னல் இருந்தது. ஜன்னலருகே யாரும் இல்லை.

கீழே விளக்கு எரிந்திருக்க வேண்டும். ஜுமானா அறை அறையாக ஓடினாள். கதவுகள் திறந்தன. அலமாரிகள் திறந்தன. பெயர் பெரிதாகிக்கொண்டே வந்தது.

மேலே அமைதி. பெட்டி செத்த பிறகும் திரை மூலையில் சுற்று எண் ஏறிக்கொண்டிருந்தது. நூற்றுத் தொண்ணூறு. நூற்றுத் தொண்ணூற்றொன்று.

அப்போதுதான் திரையின் கீழோரத்தில், நாலு வயதுப் பிள்ளை எட்டி நின்றால் வாய் எட்டும் உயரத்தில், கண்ணாடியில் வெள்ளையாக ஒரு வட்டம் பூத்திருப்பதைப் பார்த்தாள். மூச்சு பட்ட பனி. சட்டைக் கையால் துடைத்தாள். போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். போகவில்லை.

அது உள்பக்கம் இருந்தது.

வட்டம் மெல்லச் சுருங்கி மறைந்தது. மறுபடி பூத்தது, முன்னதைவிடச் சிறிதாக.