ஊதச் சொன்னவன்

மூக்கில் கிளிப்பை மாட்டி, வாயில் குழாயைத் திணித்து, "ஊதுங்க" என்று அதட்டுகிற ஆண்பிள்ளையிடம் எந்தப் பெண்ணாவது மனதைப் பறிகொடுப்பாளா? ஸ்மிஜா பறிகொடுத்தாள். ஆனால் முதல்நாள் அவளுக்கு வந்தது கோபம்தான்.

"ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க... விடாதீங்க... இன்னும், இன்னும்..."

குழாயைப் பிடுங்கி எடுத்தாள். மூக்கு அடைத்திருந்ததால் குரல் வாத்து மாதிரி வந்தது.

"நான் என்ன அடுப்பா ஊதறேன்? எதுக்கு இப்படிக் கத்தறீங்க?"

"கத்தலேன்னா யாரும் முழுசா ஊத மாட்டாங்க. பாதியில நிறுத்திட்டீங்களே... மறுபடி முதல்லேர்ந்து."

சட்டையில் தொங்கிய அட்டையில் ரெஜீஷ் என்று இருந்தது. சிரிப்பை அடக்கத் தெரியாத கண்கள். ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே திருச்சூரின் ஜூன் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஊதினாள். உள்ளே இருந்ததெல்லாம் தீர்ந்து கண் இருட்டப் போகும் நேரத்தில் அவன் சொன்னான்:

"என் பொன்னே... இன்னும் ஒரு துளி... அவ்வளவுதான்!"

அந்த ஊரில் மீன் விலையைக் கேட்டாலும் 'என் பொன்னே' என்பார்கள். அது ஸ்மிஜாவுக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் காது சூடாகிவிட்டது.

"டாக்டர் பார்த்துச் சொல்வாரு. ஆனா நுரையீரல் பிரமாதம்," என்றான்.

"அப்புறம் ஏன் எனக்கு மூச்சு முட்டுது?"

"என்ன வேலை பண்றீங்க?"

"பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பு. மைக்ல."

"ஓ... அந்தக் குரலா நீங்க?"

பிறகு அவளே கொட்டினாள். தனியார் பஸ்காரர்களுக்கு நேரம்தான் உயிர். முந்திச் சொன்னால் ஒருத்தன் சண்டை, பிந்திச் சொன்னால் இன்னொருத்தன் சண்டை. எல்லாரும் அவளுடைய கண்ணாடி அறைக்கு ஏறி வந்துதான் கத்துவார்கள். "படியில செருப்புச் சத்தம் கேட்டாலே போதும், எனக்கு..."

"நிறுத்துங்க! இப்ப அப்படியே இருங்க," என்றான் ரெஜீஷ். "சொல்லும்போதே மூச்சைப் பிடிச்சுட்டீங்க. தோள் ரெண்டும் எங்க இருக்கு பாருங்க... காதுக்குப் பக்கத்துல."

பார்த்தாள். வெட்கமாகப் போயிற்று.

டாக்டரும் அதையேதான் சொன்னார். பயத்தில் அவள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். பிடிக்காத நேரத்தில் மார்பு மட்டும் ஏறி இறங்கும் குட்டிக் குட்டி மூச்சு. அதுவே நாள் முழுக்கப் பழக்கமாகிவிட்டது. மருந்து வேண்டாம், பயிற்சி போதும். பயிற்சி கொடுக்க ரெஜீஷ்.

"வயித்துல கை வையுங்க."

முறைத்தாள்.

"உங்க கையை, உங்க வயித்துல! என் பொன்னே, இப்படிப் பார்த்தா நான் வேலையை விட்டுடுவேன்... ம், இழுக்கறதை விடுங்க, அது தானா வரும். வெளிய விடறதுதான் முக்கியம். மெதுவா, சூடான சாயாவை ஊதற மாதிரி."

வாரம் ஒருமுறை போனாள். மூச்சு சீரானது. கண்டக்டர்கள் ஏறி வந்து கத்தினாலும் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "முடிச்சிட்டீங்களா சேட்டா?" என்று கேட்கும் அளவுக்குத் தேறிவிட்டாள். ஆனால் சுவாசம் சீரான பெண், நல்ல சேலையாகத் தேடித் தேடி உடுத்திக்கொண்டு எதற்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்? அதை அவள் தன்னிடமே கேட்டுக்கொள்ளவில்லை.

நாலாவது வாரம் சீக்கிரமே போய்விட்டாள். கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து அவன் குரல்.

"விடாதீங்க, விடாதீங்க... என் பொன்னே... இன்னும் ஒரு துளி... அவ்வளவுதான்!"

அட!

அதே சொல். அதே இழுப்பு. அதே 'ஒரு துளி'. கதவு திறந்தது. முழங்கால் வரை கூந்தல் தொங்க, நெட்டையாக ஒருத்தி சிரித்துக்கொண்டே வந்தாள். பின்னாலேயே அவன் குரலும் சிரித்தது. ஊருக்கெல்லாம் ஒரே பொன்னா? நான் என்ன, வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போகிறவளா?

எழுந்தாள். சீட்டு எழுதும் அன்னம்மா சேச்சி கையைப் பிடித்தாள்.

"எங்கடி போற? அடுத்தது நீதானே?"

"எனக்குச் சரியாயிடுச்சு சேச்சி. இனி வர வேண்டாம்."

"வந்தாலும் யாரு இருக்கப் போறா? அவனைக் கண்ணூர் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடறாங்க. இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம். பையன் எதுக்கோ தயங்கிட்டு நிக்கறான்."

"நல்லா போகட்டும்! அங்கயும் ஊதறதுக்கு ஆள் கிடைக்கும்," என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினாள்.

வெள்ளிக்கிழமையும் வந்தது. சாயங்கால மழை, ஸ்டாண்டு நிறையக் குடைகள். காலையிலிருந்தே ஸ்மிஜாவின் தோள்கள் பழையபடி காதுக்கு ஏறியிருந்தன. போனால் போகட்டும் என்று நூறு தடவை சொல்லிக்கொண்டாள். நூறு தடவையும் கண் கடிகாரத்துக்குப் போனது.

மைக்கை இழுத்தாள். "பிரியமுள்ள பயணிகளே... அமலா, முண்டூர், கேச்சேரி..."

கண்ணாடிக்கு வெளியே ஒரு சிவப்புக் குடை. அதன் கீழே ரெஜீஷ். பக்கத்தில், தோளோடு தோள் இடிக்க, அந்தக் கூந்தல்காரி!

கேச்சேரியோடு பஸ் நின்றுவிட்டது. குன்னங்குளம் வரவில்லை, குருவாயூர் வரவில்லை. ஒலிபெருக்கியில் சத்தமே இல்லை. ஸ்டாண்டே அண்ணாந்து பார்த்தது. "மோளே, என் வண்டி கேச்சேரியிலயே படுத்துடுமா?" என்று கீழே கண்டக்டர் ஒருவர் கத்தினார். அவள் வாய் திறந்திருந்தது. மூச்சுதான் எங்கும் போகாமல் நின்றது.

மற்றவர்களுக்கு மைக் கெட்டுப்போயிருந்தது. ரெஜீஷுக்குத்தான் என்ன ஆயிற்றென்று தெரிந்தது. குடையிலிருந்து பாய்ந்து, நனைந்துகொண்டே படியேறி வந்தான்.

"விடுங்க ஸ்மிஜா. முதல்ல வெளிய விடுங்க... மெதுவா..."

விட்டாள். கண்ணில் நீரும் வந்தது. மைக்கைப் பிடித்துக் குன்னங்குளத்தையும் குருவாயூரையும் ஒரே வீச்சில் சொல்லி முடித்து, சுவிட்சை அணைத்து, திரும்பினாள்.

"வெளியாள் இங்க வரக்கூடாது."

"இந்த வாரம் ஏன் வரல?"

"அதான் உங்க பொன்னு கீழ நிக்கறாளே. போங்க, குடை காத்துட்டிருக்கு."

அவன் முதலில் புரியாமல் விழித்தான். பிறகு புரிந்தது. சிரிப்பு அடங்கவில்லை.

"அவங்க மோகினியாட்ட டீச்சர். ஆஸ்துமா. குருவாயூர் பஸ்ஸுக்கு நிக்கறாங்க. குடை அவங்களோடது, மழை எல்லாரோடதும். இதுக்கா?"

"என் பொன்னேன்னீங்களே அவகிட்ட! நான் காதால கேட்டேன்."

"அன்னைக்கே ஊத வந்த வறீத் சேட்டனுக்கும் சொன்னேன். அவருக்கு எழுபது வயசு, பல்லு கிடையாது. அவர் மேலயும் கோபமா?"

"ஆமாம்," என்றாள் ஸ்மிஜா. சொன்ன பிறகுதான் சொன்னது புரிந்தது.

ரெஜீஷின் சிரிப்பு நின்றது.

"அப்ப என் கோபத்தையும் கேளுங்க. ஒரு மாசமா டூட்டி முடிஞ்சு இந்த ஸ்டாண்டுல வந்து நிக்கறேன், ஏறறதுக்கு ஒரு பஸ்ஸும் இல்லாம. நீங்க ஊரையே 'பிரியமுள்ள' 'பிரியமுள்ள'ன்னு கூப்பிடறீங்க. ஒவ்வொரு தடவையும் எனக்கு எரியுது. பக்கத்துல வாழைப்பழம் தின்னுட்டு நிக்கறவனுக்கும் எனக்கும் ஒரே பிரியமான்னு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது.

"ஏழு மணிக்குள்ள கண்ணூருக்குப் பதில் சொல்லணும். போறதா, வேண்டாமா... நீங்களே சொல்லுங்க. நான் யார்கிட்டயும் கேக்கல, உங்ககிட்டதான் கேக்கறேன்."

கீழே ஏதோ ஒரு பஸ் பொறுமையிழந்து ஹாரன் அடித்தது. எத்தனையோ ஊர்ப் பெயர்களைத் தடங்கலில்லாமல் சொல்லும் நாக்கு, ஒரு சின்னச் சொல்லுக்குத் தடுமாறியது. ரோஷம் ஒரு பக்கம் இழுத்தது. நனைந்த சட்டையோடு, இமைக்காமல் நிற்கும் அவன் இன்னொரு பக்கம்.

"போகக் கூடாது," என்றாள்.

"ஏன்?"

"ஏன்னா..." தலையை நிமிர்த்தினாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அந்தக் கூந்தல்காரியைப் பிடிக்கல. வறீத் சேட்டனையும் பிடிக்கல. நாளையிலேர்ந்து எல்லாரையும் 'சார், மேடம்'னு கூப்பிட்டு ஊதச் சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தை எனக்கு மட்டும் வேணும்... ரெஜீஷேட்டா."

அவன் நீளமாக மூச்சை விட்டான். இத்தனை நேரம் தான் மூச்சே விடாமல் நின்றிருந்தது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.