நானூற்றுப் பன்னிரண்டு சொற்கள்

"யக்கா, மெஷின்ல சிவப்பு லைட் எரியுதா?"

"எந்த மெஷின்?" என்றாள் பிலோமினா.

ஒசாகாவில் ஒரு மின்சாதனக் கடையின் கல்லாவுக்குப் பின்னால் நின்று, ஜெசிந்தா கைபேசித் திரையில் தூத்துக்குடி வீட்டைப் பார்த்தாள். கட்டிலில் அம்மா. அருகே மூச்சுக்கருவி விடாமல் கீச்சிட்டது. தெருவில் சப்பரம் வருவதால் மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். கருவியின் பேட்டரியும் தீரப்போகிறது என்ற எச்சரிக்கைதான் அந்தக் கீச்சொலி.

"ஃப்ரிட்ஜ் மேல இன்னொரு பேட்டரி இருக்கு. எடுத்து மாட்டு."

"எது மேல?"

"ரெய்ஸோகோ மேல. டென்ச்சி, யக்கா, டென்ச்சி," என்று அவற்றையே ஜப்பானியத்தில் சொல்லிப் பார்த்தாள்.

"ஏட்டி, புரியுத மாரி பேசு."

மூன்று வாரங்களுக்கு முன் இருவரும், ஒருவர் கற்ற சொற்களை இன்னொருவர் தலைக்கு மாற்றும் சொற்கடத்தியில் தலை வைத்துப் படுத்தார்கள். வீட்டு மின்சாதனங்களுக்கென்று பிலோமினா ஆறு வருடம் படித்த 412 ஜப்பானியச் சொற்கள் ஒரு மணி நேரத்தில் தங்கையிடம் வந்தன. அவற்றை வைத்து ஒசாகாவில் வேலையும் வந்தது. சொல்லோடு அந்தப் பொருளைப் பற்றிய அறிவும் கொடுத்தவரிடமிருந்து பிய்ந்து வந்துவிடும் என்பது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. திருப்பிக் கொடுக்கவும் வழி இருந்தது. காதுக்குப் பின்னால் பொருத்திய சில்லுக்குக் கைபேசியில் ஒரு பொத்தான், ஒரே நிமிடம். ஆனால் 412 சொற்களும் சேர்ந்தே போகும்.

"பக்கத்து வீட்டு அண்ணாச்சியக் கூப்பிடு."

"தெருவே சப்பரத்துக்குப் போயிருக்கு."

"சரி. ஆளுயரத்துக்கு வெள்ளையா ஒரு பெட்டி. அதுமேல கருப்பா ஒண்ணு."

பிலோமினா ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். அவளுக்கு அது சுவரின் ஒரு பகுதி. அலமாரியிலிருந்து கருப்பு அட்டை போட்ட வேதாகமத்தை எடுத்து வந்தாள்.

"இதா?"

அம்மா கையைத் தூக்கி ஃப்ரிட்ஜின் பக்கம் நீட்டினாள்.

"செபம் சொல்லச் சொல்லுதா போல," என்றாள் பிலோமினா.

ஜெசிந்தாவின் கட்டைவிரல் பொத்தானுக்கு மேல் நின்றது. எதிரே ஒரு முதியவர் காத்திருந்தார். அவருக்குப் பின்னால் மேலாளர், கையில் மதிப்பீட்டுத் தாளுடன். வேலை நிரந்தரமாகுமா என்பது இன்று தெரியும். சப்பரம் இந்நேரம் தெருவைத் தாண்டியிருக்கும், கரண்ட் வந்துவிடும் என்று நினைத்தாள். விரலை எடுத்தாள்.

கீச்சொலி நின்றது.

"சத்தம் நின்னுட்டு ஏட்டி. அம்மாவும் கண்ண மூடிட்டா. ரெண்டு நாளா ஒறக்கமே இல்ல அவளுக்கு."

கருவியில் ஒரு விளக்கும் எரியவில்லை. அதன் பொருள் இருவரில் ஜெசிந்தாவுக்கு மட்டும் தெரிந்தது.

கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். முதியவர் சுவர்க்கடிகாரத்துக்கு டென்ச்சி கேட்டார். எந்த அளவு என்று பிழையில்லாமல் விசாரித்து எடுத்துக் கொடுத்தாள்.

மேலாளர் தாளில் ஒரு வட்டம் போட்டார். அந்த ஊரில் சரி என்பதற்கு அதுதான் குறி.