மூச்சுக்குண்டு

கடற்கரையாண்டி விட்ட மூச்சு, அறையின் மூலையில் குண்டாகிக்கொண்டிருந்தது. 'டக்' என்று ஒரு சத்தம். ஒரு குண்டு முடிந்தது. பாசி அடையை மென்றுகொண்டே அவர் அந்தச் சத்தத்தை ரசித்தார். ரசிக்க அங்கே வேறு ஆள் இல்லை.

பழைய செயற்கைக்கோள்களின் உடைசல்கள் பூமியைச் சுற்றிக் குப்பையாய்ச் சேர்ந்து, எதை மேலே அனுப்பினாலும் ஓட்டை போட்டுவிடும் என்ற நிலை வந்தபோதுதான் அங்கேயே, வானில், காவல்மேடைகளைக் கட்டினார்கள். மேடைக்கு ஒரு பீரங்கி, ஒரு காவலர். பீரங்கியிலிருந்து பாயும் வலைக்குண்டு வெடிக்காது. வலையாக விரிந்து, குப்பையைச் சுருட்டிக் கீழே இழுத்துப்போய், காற்றில் எரிந்துவிடும். குறி பார்ப்பது பொறிதான். ஆனால் ஒருமுறை அது ஆள் இருந்த விண்ணோடத்தையே வலைபோட்டுப் பிடித்துவிட்டதால், 'சுடு' என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்த ஒரு சொல்லுக்குத்தான், எல்லோரும் கடற்கரை என்று சுருக்கிக் கூப்பிடும் கடற்கரையாண்டிக்குச் சம்பளம்.

மேடை சுழன்றுகொண்டே இருப்பதால் கால் தரையில் ஊன்றும், சோறு தட்டில் நிற்கும். பாசித்தொட்டி சாப்பாடு தரும். தண்ணீர் சுத்தமாகித் திரும்பத் திரும்ப வரும். கீழேயிருந்து வரவேண்டியது குண்டு ஒன்றுதான். அது தீரும்போது வழங்கல் ஓடத்தை ஓட்டிக்கொண்டு இசக்கியம்மாள் வருவாள். சுட்டுத் தீர்ந்த காலிக்கூடுகளை வாங்கிக்கொண்டு, நிறைகூடுகளைக் கொடுப்பாள். அது அவள் வேலை. கூடவே கொஞ்சம் அரிசியும் கருவாடும் கொண்டுவந்து, குழம்பு வைத்து, ஒரு வேளை உட்கார்ந்து பேசிவிட்டுப் போவாள். அது வேலையில் சேர்த்தி இல்லை. கடற்கரை உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒரு வேளைக்காகத்தான்.

இரண்டு வருகைகளுக்கு நடுவே பொழுதை எப்படித் தள்ளுவது? சும்மா இருக்கிற கை எதையாவது நோண்டும். அவர் சில காலிக்கூடுகளை ஒதுக்கி வைத்துக்கொண்டு, அவற்றைத் தானாகவே நிரப்பும் பொறி ஒன்றைச் செய்யத் தொடங்கினார். நடைபயிற்சிப் பொறியின் மோட்டாரைக் கழற்றினார். அதன்மேல் சமையல் மூலையில் கிடந்த இட்லித் தட்டை மாட்டினார். தட்டு சுற்றும், குழிக்கொரு கூடு நிற்கும். ஓரிடத்தில் கூடு சுத்தமாகும், அடுத்ததில் மூடி மாறும், அதற்கடுத்து பாசிநாரில் முடைந்த வலை மடிந்து உள்ளே போகும், கடைசியில் உந்துகாற்று ஏறும். தட்டு ஆடியது. உடைந்த கரண்டியின் காம்பை முட்டுக் கொடுத்தார், ஆட்டம் நின்றது. உந்துகாற்றுக்கு எங்கே போவது என்று யோசித்தவருக்குத் தம் மூச்சே அகப்பட்டது. காற்றுச்சலிப்பான் பிரித்துத் தள்ளும் கரிக்காற்றை அழுத்தி நிரப்பினார். கூடுகள் எத்தனையோ நசுங்கின. பிறகு ஒருநாள் நசுங்காமல் ஒன்று வந்தது. மறுநிரப்பி என்று அதற்குப் பெயர் வைத்தார்.

அடுத்தமுறை வந்த இசக்கியம்மாள் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்ன கூத்து அண்ணாச்சி இது? இட்லித் தட்டுல குண்டு அவிக்கியளா?"

"சிரிக்காத யம்மா. ஒண்ண எடுத்துப் பீரங்கில போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தார்கள். வலை அழகாக விரிந்து, ஒரு பழைய தகட்டை வாரிக்கொண்டு போனது. அவள் சிரிப்பு நின்றது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா கீழ உள்ள மேலிடத்துக்கு இதச் சொல்லிராதிய. குண்ட நீங்களே பண்ணிட்டா நான் எதுக்கு வாரது?"

"ஏன், நான் கூப்பிட்டா வரமாட்டியாக்கும்?"

"நீங்க கூப்பிட்டா ஓடம் கிளம்பாது அண்ணாச்சி. காலிக்கூடு கூப்பிட்டாத்தான் கிளம்பும்."

சோறு போட்டாள். "போதும், போதும்" என்று அவர் கையால் மறித்தார். மறித்த கையைத் தாண்டி இன்னொரு கரண்டி விழுந்தது.

"போதும்னா விட்டுருவாகளா? கூச்சத்துக்குச் சொல்லுதியன்னு எனக்குத் தெரியாதா?"

அவர்கள் ஊரில் அப்படித்தான். போதும் என்பவர் இன்னொரு கரண்டிக்கு இடம் வைத்துக்கொண்டுதான் சொல்வார். உடனே விட்டுவிட்டால் பந்தி முழுக்க அதுதான் பேச்சாக இருக்கும்.

அவள் சொன்னபடி அவர் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் வாராவாரம் கீழிருந்து, எந்த மேடைக்கு எத்தனை குண்டு என்று கணக்குப் பார்க்கும் வழங்குபொறியின் குரல் வரும். இனிமையான குரல். 'வலைக்குண்டு போதுமா?' என்று கேட்கும். ஒரு வாரம் மூலையில் புதுக்குண்டுகள் குவிந்து கிடந்தன. காட்டிப் பெருமைப்பட ஆள் இல்லை. பெருமை தொண்டை வரை வந்துவிட்டது.

"போதும், போதும்! இங்க குவிஞ்சில்லா கிடக்கு!"

'எப்படி?' என்று கேட்டது. இத்தனை நாளில் அவரை ஒருவர் 'எப்படி' என்று கேட்டதே அதுதான் முதல் தடவை. இட்லித் தட்டிலிருந்து கரண்டிக்காம்பு வரை ஒன்று விடாமல் சொன்னார், படமும் அனுப்பினார். குரல் நன்றி சொன்னது.

ஓடம் வரவேண்டிய நாள் வந்தது. ஓடம் வரவில்லை.

"ஏன் வரல?" என்று குரலிடம் கேட்டார்.

"போதும் என்றீர்கள்."

"அது பேச்சுக்குச் சொன்னது. போதும்னா போதும்னு அர்த்தமா?"

"வேறு என்ன பொருள்?"

பந்தியில் உட்காராத பொறிக்குப் பந்தி வழக்கத்தை எப்படி விளக்குவது? குரல் மகிழ்ச்சியோடு இன்னொன்றும் சொன்னது. அவருடைய படத்தை எல்லா மேடைகளுக்கும் அனுப்பிவிட்டார்களாம். எல்லாக் காவலர்களும் கட்டிவிட்டார்களாம். எல்லோரும் போதும் என்றுவிட்டார்களாம்.

சில நாள் கழித்துக் கீழேயிருந்து இசக்கியம்மாளே பேசினாள். பின்னால் காக்கை கத்துவது கேட்டது.

"துறைமுகத்துல பளுதூக்கி ஓட்டுதேன் அண்ணாச்சி. ஓடத்த நிறுத்திட்டாக. மேடைக்கு ஒரு இட்லித் தட்டு வச்சிட்டிய, பிறகு நான் எதுக்கு?"

"தப்புப் பண்ணிட்டேன் யம்மா."

"விடுங்க. சாப்பிட்டியளா?"

"ஆச்சு."

"பொய் சொல்லாதிய" என்றாள். அதற்குள் இணைப்பு நேரம் முடிந்துவிட்டது.

அன்றைக்கே அவர் இட்லித் தட்டைக் கழற்றி வளைத்தார். பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் வளைத்தார். பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டார். சுண்டைக்காய் அளவு திருகாணிக்கும் ஒரு குண்டு, உரிந்த வண்ணப்பூச்சுக்கும் ஒரு குண்டு. அந்தப் பகுதி வானம் அவ்வளவு சுத்தமாக என்றுமே இருந்ததில்லை. குவியல் தீர்ந்தது. கடைசிக் கூடும் காலியானது.

"வலைக்குண்டு போதுமா?"

"போதாது" என்றார், ஒவ்வொரு எழுத்தாக. "மறுநிரப்பி உடஞ்சு போச்சு. குண்டு ஒண்ணுகூட இல்ல. போதவே போதாது."

"வருந்துகிறோம். வழங்கல் ஓடம் புறப்படும்."

கடற்கரை எழுந்து கண்ணாடியைத் துடைத்தார். சவரம் செய்துகொண்டார். அவள் கடைசியாக விட்டுப்போன அரிசியைத் தொடாமல் முடிந்து வைத்திருந்தார். அதையும் ஒரு துண்டுக் கருவாட்டையும் எடுத்து, அவள் வைப்பதுபோலவே சோறும் குழம்பும் வைக்கப் பார்த்தார். புளி கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. வரட்டும், அவளே திட்டட்டும் என்று நினைத்துக்கொண்டார். இரண்டு தட்டுகளைத் துடைத்து எதிரெதிரே வைத்தார். காலிக்கூடுகளைக் கதவோரம் அடுக்கினார்.

ஓடம் வந்து முட்டியது. கதவு திறந்தது.

"வா யம்மா" என்றார்.

ஓட்டுநர் இருக்கை இல்லாத ஓடம் அது. இசக்கியம்மாள் உட்காரும் இடத்தில் ஒரு பெட்டி இருந்தது. பெட்டிக்குள் பளபளவென்று புத்தம்புதிய மறுநிரப்பி. குழிகள் அதே இட்லித் தட்டின் குழிகள்தாம், ஆவி போகும் ஓட்டைகள் உட்பட. பக்கத்தில் கரண்டிக்காம்பைக்கூட விடாமல், நுனி வளைவோடு, எஃகில் வார்த்திருந்தார்கள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை போலும். பொறியின் நெற்றியில் 'கடற்கரை' என்று அவர் பெயரைப் பொறித்திருந்தார்கள்.

"உங்களைக் கௌரவித்திருக்கிறோம்" என்றது குரல். "இது உடையாது. நீங்கள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்வரை உங்களுக்குக் குண்டு குறையாது. இனி எந்தத் தொல்லையும் இருக்காது."

"அதுக்கப்புறம்?"

"எதற்கப்புறம்?"

"மூச்சு நின்ன பிறகு?"

"அப்போது ஓர் ஓடம் வரும்."

பெட்டியை இறக்கியதும் கதவு தானாக மூடிக்கொண்டு ஓடம் போய்விட்டது. வந்த பொறி தானாகவே காற்றுச்சலிப்பானோடு பிணைந்துகொண்டு, அடுக்கி வைத்த காலிக்கூடுகளை எடுத்துப் போட்டுக்கொண்டு சுற்றத் தொடங்கியது. டக். டக். அவருக்கு அழுகை வந்தது. அழுதார். அழுதபோது மூச்சு வாங்கியது. பொறி கொஞ்சம் வேகமாகவே வேலை செய்தது.

சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஒரு தட்டின் முன்னால் உட்கார்ந்து, தாமே போட்டுக்கொண்டார். எதிர்த்தட்டைப் பார்த்தார். கையைத் தட்டுக்குமேல் மறித்துப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போலச் சொன்னார்.

"போதும், போதும்."

சுற்றிக்கொண்டிருந்த மறுநிரப்பி, சொன்ன பேச்சைக் கேட்கும் பொறி. உடனே நின்றுவிட்டது.